வளவுக்குள் ஒரு விளையாட்டு மேடை: பிள்ளைகளோடு சேர்ந்து கட்டுவது

கேள்வி சுருக்கமாக இது. வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்த குடும்பம். யாழ்ப்பாணத்தில் சுன்னாகப் பக்கம் இரண்டு பரப்பு வளவு. 11 வயது மகளையும் 7 வயது மகனையும் இப்போதைக்கு வீட்டிலேயே படிப்பிக்கிறார்கள். ஏணி, சறுக்கு, ஊஞ்சல் உள்ள ஒரு மேடையைப் பிள்ளைகளோடு சேர்ந்து கட்டி, அதையே இந்தத் தவணைப் பாடமாக்க விருப்பம். எங்கே தொடங்குவது, என்ன மரம், எவ்வளவு உயரம், இதற்குள் பாடம் என்று சொல்ல என்ன இருக்கிறது, ஓடாவியைக் (தச்சு வேலையாளைக்) கூப்பிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

முதலாவது, மரம் வாங்க அவசரப்பட வேண்டாம். இந்த வேலையில் படிப்பு இருப்பது ஆணி அடிப்பதில் இல்லை. இடம் பார்ப்பது, அளப்பது, படம் கீறுவது, விலை கேட்பது, கணக்குப் பார்த்துத் திட்டத்தை மாற்றுவது, இவைதான் பாடம். கட்டி முடிக்கிறது சில நாள் வேலை. அதற்கு முந்தின கிழமைகளை முழுதாகப் பிள்ளைகள் கையில் விட்டுவிடுங்கள். அவர்கள் கொப்பியில் எழுதிக் காட்டாத எந்தச் சாமானையும் வாங்குவதில்லை என்று நீங்களும் கணவரும் ஒரு முடிவு எடுத்தால் போதும், மற்றது தானாக நடக்கும். (5 முதல் 16 வயது வரை இங்கே கல்வி கட்டாயம் என்பதால் வலயக் கல்வி அலுவலகத்திலும் ஒருமுறை கதைத்து வையுங்கள். அது வேறு விஷயம்.)

வளவை அளப்பதில் தொடங்குங்கள். உறுதியில் இரண்டு பரப்பு என்று இருக்கும். 16 பரப்பு ஒரு ஏக்கர், 18 குழி ஒரு பரப்பு. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அப்படியென்றால் ஒரு பரப்பு எத்தனை சதுர அடி, ஒரு குழி எத்தனை என்று மகள் பிரித்துப் பார்க்கட்டும். பரப்புக்கு 2,722½, குழிக்கு 151¼ வரும். பிறகு அளவு நாடாவைப் பிடித்து வளவைச் சுற்றி அளந்து, ஒரு அடிக்கு இத்தனை சதுரம் என்று கட்டக் கொப்பியில் கீறட்டும். வீடு, கிணறு, மலக்குழி, மரங்கள், மின்கம்பி வருகிற பாதை எல்லாம் படத்தில் வர வேண்டும்.

இந்தப் படம் வந்ததும் பாதி முடிவு தானாக விழும். கிணற்றடிக்குப் பக்கத்தில் மேடை வேண்டாம். கிணற்றுக்கு இடுப்பளவு கட்டும் மேலே வலையும் இல்லை என்றால் மேடைக்கு முன்னம் அதைச் செய்யுங்கள். தென்னைக்குக் கீழே வேண்டவே வேண்டாம், தேங்காயும் காய்ந்த மட்டையும் சொல்லிவிட்டு விழுவதில்லை. பனைக்குக் கீழும் அப்படித்தான், ஆவணி புரட்டாதியில் பழம் விழத் தொடங்கினால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விட ஏலாது. மலக்குழி மூடிக்கு மேலே தூண் நிறுத்தக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

மிஞ்சுவது நிழல். இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இருக்கிறது. மேல்நாட்டுக் கையேடுகளில் சறுக்கை வடக்குப் பக்கம் பார்த்து வை, வெயில் படாது என்று எழுதியிருக்கும். அவர்களுக்கு அது சரி. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சித்திரை வருஷப்பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து வடக்கே போய்விடும். ஆகஸ்ட் 28ஐ ஒட்டி மறுபடி உச்சிக்கு வந்து தெற்கே திரும்பும். அந்த நான்கு மாதத்துக்கு மேலாக மத்தியான வெயில் வடக்குப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே எந்தத் திசையைப் பார்த்து வைத்தாலும் சறுக்கு கொதிக்கும். மரநிழல் ஒன்றுதான் வழி.

இதை வாயால் சொல்லாமல் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள். வெட்ட வெளியில் மூன்றடித் தடி ஒன்றைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நடுங்கள். மணிக்கொரு தடவை நிழலின் நுனியில் ஒரு சின்னக் கல்லை வைக்கட்டும். மத்தியானம் நெருங்க நெருங்க நிழல் குறுகும். மிகக் குறுகிய நிழல் சரியாக 12 மணிக்கு வராது, அதற்குப் பத்து நிமிடம் பிந்தித்தான் வரும். எங்கள் மணிக்கூடு 82½ பாகை நெடுங்கோட்டுக்கு ஓடுகிறது, யாழ்ப்பாணம் 80 பாகையில் இருக்கிறது, ஒரு பாகைக்கு நான்கு நிமிட வித்தியாசம். (வருஷத்தில் சில மாதங்களில் இது கால் மணித்தியாலம் வரை முன்பின்னாக வரும். சித்திரையில் செய்தால் கணக்கு நேராகப் பொருந்தும்.) வருஷப்பிறப்பு நேரம் செய்து பார்த்தால் 12:10 அளவில் தடிக்கு நிழலே இருக்காது. 7 வயதுப் பிள்ளை அந்த நேரம் தடியைச் சுற்றிச் சுற்றி நிழலைத் தேடுவதைப் பார்க்க வேண்டும், அதன் பிறகு நீங்கள் ஒரு பூமியுருண்டையை எடுத்து வந்தால் அவன் தானாகவே பக்கத்தில் வந்து இருப்பான்.

பின்னேரம் விளையாடுகிற நேரத்துக்கு நிழல் வேண்டுமென்றால், பின்னேர நிழல் கிழக்கே விழும். ஆகவே வளவில் இருக்கிற வேம்புக்குக் கிழக்குப் பக்கமாக மேடை வரட்டும். வேர் வெட்டுப்படாத அளவுக்குத் தள்ளி வையுங்கள்.

உயரத்துக்கு வருவோம். பெற்றோர் எல்லோரும் உயரமாகக் கட்டத்தான் ஆசைப்படுகிறார்கள். 7 வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் மேடைத் தட்டு நாலடிக்கு மேல் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணம் தரை. செம்பாட்டு மண் கோடையில் கல்லாக இறுகிப்போகும், அதற்குக் கீழே சுண்ணக்கல். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டலில், ஒன்பது அங்குலம் இறுகிய மணல் நாலடி உயரத்திலிருந்து விழுவதற்குத்தான் பாதுகாப்பு. அந்த ஒன்பது அங்குலம் கிடைக்க ஓர் அடி மணல் போட வேண்டும், போகப் போக இறுகும். அதே வழிகாட்டல் மேடையைச் சுற்றி ஆறடிக்கு வேறெந்தப் பொருளும் இல்லாத இடமும் கேட்கிறது.

இப்போது மகளிடம் கணக்கைக் கொடுங்கள். மேடை 4 அடிக்கு 5 அடி. நாலு பக்கமும் ஆறடி சேர்த்தால் 16க்கு 17, அதாவது 272 சதுர அடி. ஓர் அடி ஆழத்துக்கு 272 கன அடி மணல். இங்கே மணல் விற்பது கியூப் கணக்கில், ஒரு கியூப் 100 கன அடி. ஆக 2¾ கியூப். அதன் விலையை விசாரித்துவிட்டு வந்தால் முகம் மாறும். சரி, மேடையை மூன்றடியாகக் குறைக்கலாமா, ஒரு பக்கத்தை மட்டும் திறந்து விடலாமா, சறுக்கு முடிகிற இடத்தில் எவ்வளவு போதும் என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். அந்த வாக்குவாதத்தை வெட்டாதீர்கள். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: மணலின் ஆழம். காசு காணாவிட்டால் மேடையின் உயரத்தைத்தான் குறைக்க வேண்டும்.

கைப்பிடி வேலி 38 அங்குலம் இருக்கட்டும். கம்பிகளுக்கோ பலகைகளுக்கோ இடையிலான இடைவெளி மூன்றரை அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்பது அங்குலத்துக்குக் கூடுதலாக. இடைப்பட்ட அளவுதான் ஆபத்து, ஏனென்றால் உடம்பு உள்ளே போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும். ஒரு மட்டை அட்டையில் மூன்றரை அங்குலத்தை வெட்டிச் சின்னவன் கையில் கொடுத்து, கட்டி முடிந்ததும் ஒவ்வொரு இடைவெளியையும் அவனையே சோதிக்கச் சொல்லுங்கள். ஏணிப் படிகளும் இதற்குள் அடக்கம்.

சறுக்கின் சரிவு 30 பாகைக்கு மேல் போகக் கூடாது. மகள் இன்னும் திரிகோண கணிதம் படித்திருக்க மாட்டாள், ஆனால் பாகைமானி இருக்கும். நாலடி உயரத்தை நாலு அங்குலமாகக் கீறி, மேலிருந்து தரைக்கு 30 பாகையில் கோடு இழுத்து அளந்தால் எட்டு அங்குலம் வரும். அதாவது எட்டடிச் சறுக்கு, தரையில் ஏழடி நீளம் பிடிக்கும். உயரத்தை மூன்றடியாக்கினால் சறுக்கு ஆறடி. இரண்டு மூன்று உயரத்துக்குக் கீறிப் பார்த்தால், 30 பாகையில் சறுக்கு எப்போதும் உயரத்தின் இரண்டு மடங்கு என்று அவளே சொல்லிவிடுவாள். இரண்டு வருஷம் கழித்துப் புத்தகத்தில் அதைக் காணும்போது பழைய ஆள் போல இருக்கும்.

மரம். இந்த மண்ணில் பனையை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவது தேவையில்லாத செலவு. பழைய வீடுகள் இடிக்கும்போது கழற்றி எடுத்த சலாகையும் (கூரைச் சட்டம்) தீராந்தியும் (குறுக்கு உத்தரம்) மரக்காலைகளில், அதாவது மரம் விற்கிற இடங்களில், கிடைக்கும். வைரம் பாய்ந்த பனை இலகுவில் கறையானுக்கு மசியாது. வளவில் நிற்கிற பனையைத் தறிக்கலாமே என்று நினைத்தால், அதற்குப் பிரதேச செயலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். பழைய மரம் போதும்.

வாங்கும் முன் பிள்ளைகளை மரக்காலைக்குக் கூட்டிப் போங்கள். ஒரு பனஞ்சலாகையின் வெட்டு முகத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கறுத்த நார்ப் புள்ளிகள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் ஐதாகவும் இருக்கும். நெருக்கமான பக்கம் பனையின் வெளிப்பக்கம், ஐதான பக்கம் உட்பக்கம். பலம் முழுக்க வெளிப்பக்கத்தில். பக்கத்தில் ஒரு வேம்புத் துண்டை வைத்துப் பாருங்கள். அதில் வைரம் நடுவில் இருக்கும், பனையில் நேர் எதிர். ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்று பாடப்புத்தகம் சொல்வதன் வித்தியாசம் இந்த இரண்டு துண்டிலும் கண்ணுக்குத் தெரியும்.

பனையில் ஒரு குறை உண்டு, சிலாம்பு (மரச் சிராய்). பனஞ்சிலாம்பு கையில் ஏறினால் எடுப்பது கஷ்டம், சீழும் கட்டும். ஆகவே தூணுக்கும் தீராந்திக்கும் பனை. கை பிடிக்கிற, கால் வைக்கிற, இருக்கிற இடங்களுக்கு வேம்போ தேக்கோ நன்றாகச் சீவி, உப்புத்தாள் போட்டது. கைப்பிடிக்கு ஒன்றரை அங்குலத்துக்கு மேற்படாத ஜி.ஐ. பைப் இன்னும் நல்லது, சின்னக் கைக்கு அந்தத் தடிப்புத்தான் பிடிபடும். பனையில் நேரே ஆணி அடித்தால் ஆணி வளையும், இல்லாவிட்டால் மரம் வெடிக்கும். துளை போட்டு நட்டும் போல்ட்டும்தான். மரத்துக்குக் கழிவு ஒயில் பூசுகிற பழக்கம் இங்கே நிறைய. வேலிக் கப்புக்குப் பூசலாம், பிள்ளைகள் தொட்டுவிட்டு வாயில் கை வைக்கிற மரத்துக்குப் பூசவே கூடாது. பழைய கதவு, யன்னல் பலகைகளில் இருக்கிற பெயின்றையும் பிள்ளைகளை வைத்து உரஞ்ச வேண்டாம், பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம்.

மரத்தைப் படுக்கையாகப் போடுவதா, நிமிர்த்திப் போடுவதா என்பதை ஓர் அடிமட்டத்தால் காட்டலாம். இரண்டு புத்தகத்துக்கு நடுவே அடிமட்டத்தைத் தட்டையாக வைத்து விரலால் அமத்தினால் வளையும். அதையே விளிம்பில் நிமிர்த்தி வைத்து அமத்தினால் அசையாது. இரண்டுக்கு நாலு அங்குல மரம் நிமிர்ந்து நின்றால் படுத்திருப்பதைவிட இரண்டு மடங்கு பாரம் தாங்கும், வளைவது நாலில் ஒரு பங்குதான். வீட்டுக் கூரையைப் பார்த்தால் தீராந்தி ஏன் அப்படிக் கிடக்கிறது என்று விளங்கும். அதேபோல நாலு ஈர்க்கை றப்பர் வளையத்தால் சதுரமாகக் கட்டித் தள்ளினால் சரியும், மூலைக்கு மூலை ஐந்தாவது ஈர்க்கைக் கட்டினால் நிற்கும். மேடையின் மூன்று பக்கத்திலாவது அந்தக் குறுக்குச் சட்டம் வர வேண்டும். ஏணிப் பக்கத்தை விட்டுவிடலாம்.

மூலை பார்க்க மேசன்மாரின் பழைய வழிதான். ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறித்து, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி. 6, 8, 10 எடுத்தால் இன்னும் துல்லியம். மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாய் போதும். மகள் ஒரு முனையிலும் மகன் மறு முனையிலும் பிடிக்கட்டும்.

தூணுக்குக் குழி வெட்டும்போது இரண்டடியிலேயே கல் தட்டலாம், அதைப் பற்றிக் கவலை இல்லை, அதைவிட நல்ல அத்திவாரம் கிடையாது. ஒன்று மட்டும் கவனம். போர் நடந்த மண் இது. அதுவும் மீள்குடியேறிய பகுதியாக இருந்தால், முதல் வெட்டைப் பெரியவர்களே வெட்டுங்கள். மண்வெட்டியிலோ அலவாங்கிலோ இன்னதென்று தெரியாத இரும்பு தட்டினால் தொடாமல் நிறுத்தி, பிள்ளைகளை அப்பால் அனுப்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

ஓர் அடிக்கு ஓர் அடி, இரண்டடி ஆழம் என்றால் ஒரு குழிக்கு 2 கன அடி, நாலுக்கு 8. கொங்கிறீற் 1:2:4 (சீமெந்து, மணல், கல்) என்றால், உலர்ந்த கலவை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வேண்டும், 12 கன அடி. அதில் ஏழில் ஒரு பங்கு சீமெந்து. 50 கிலோப் பை ஒன்று ஏறக்குறைய 1¼ கன அடி. கணக்குப் போட்டால் ஒன்றரைப் பைக்குக் கிட்ட வரும். தூணை மண்ணுக்குள் புதைக்க வேண்டாம். கொங்கிறீற்றில் இரும்புத் தட்டைப் பதித்து, தரைக்கு மேலே இரண்டங்குலம் விட்டுத் தூணைப் போல்ட் பண்ணினால் ஈரமும் சேராது, கறையான் ஏறினாலும் கண்ணில் படும். ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் கொங்கிறீற்றுக்குத் தண்ணீர் விடுவது சின்னவனின் பொறுப்பு.

ஊஞ்சலை மேடையோடு சேர்க்காமல் தனியாக வைப்பதே நல்லது, அதற்கு இடம் அதிகம் வேண்டும். தொங்குகிற இடத்தின் உயரம் ஏழடி என்றால் முன்னால் 14 அடியும் பின்னால் 14 அடியும் வெறுமையாக இருக்க வேண்டும். நல்ல தடித்த வேப்பங்கொப்பு இருந்தால் அதிலேயே கட்டலாம். முருங்கைக் கொப்பில் ஒருபோதும் வேண்டாம்.

கட்டுவதற்கு முன் விறாந்தைக் கூரை மரத்தில் ஒரு மீற்றர் நூலில் கல்லைக் கட்டி ஆட விடுங்கள். பத்து ஆட்டத்துக்கு 20 விநாடி. கல்லை மாற்றிப் பெரிதாகக் கட்டினாலும் அதே 20. நூலை 25 சென்ரிமீற்றராக்கினால் 10 விநாடி. நீளம் கால்வாசியானால் நேரம் பாதிதான் குறைகிறது. இரண்டு மீற்றர் ஊஞ்சலுக்கு எவ்வளவு வரும் என்று முதலில் எழுதி வைத்துவிட்டு, பிறகு தம்பியை இருத்தி அளக்கட்டும். 28 விநாடிக்குக் கிட்ட வரும், அவன் இருக்கிற விதத்தால் கொஞ்சம் குறையலாம்.

கயிற்றின் பலத்தை ஆளின் எடையை வைத்து மட்டும் பார்க்கக் கூடாது. 60 பாகைக்கு உயர்ந்து கீழே வரும்போது கயிற்றில் எடையின் இரண்டு மடங்கு இழுவை விழும், 90 பாகை என்றால் மூன்று மடங்கு. 30 கிலோப் பிள்ளைக்கு அது 90 கிலோ வரை. வருஷப்பிறப்பு அன்று மாமாவும் சித்தப்பாவும் ஏறாமல் விடப் போவதில்லை, 80 கிலோ ஆளுக்கு 240. ஆகவே ஊஞ்சல் தொங்குகிற மரமும் கொளுக்கியும் 300 கிலோ தாங்க வேண்டும். தும்புக்கயிறு பார்க்க அழகு, ஆனால் மழையில் உள்ளுக்குள் உக்கும், வெளியே தெரியாது. சங்கிலி போடுங்கள், கை பிடிக்கிற இடத்துக்குத் தண்ணீர்க் குழாய் மாட்டலாம். மேடையில் எந்தக் கயிறும் தொங்கலாக, சுருக்காக விடக் கூடாது, கழுத்தில் மாட்டும்.

பழைய ரயரில் ஊஞ்சல் கட்டினால் அடியில் பல துளை போடுங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை இங்கே மழை, அதோடு டெங்கு. தண்ணீர் தேங்கிய ரயரைக் கண்டால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வழக்குப் போடுவார், அது நியாயமும்கூட. வருஷத்தில் இரண்டு தடவை, மழைக்கு முன்னும் தை பிறந்த பின்னும், போல்ட் இறுக்குவதும் மணலைக் கிளறி ஆழம் அளப்பதும் பிள்ளைகளின் வேலை அட்டவணையில் இருக்கட்டும்.

ஓடாவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூப்பிடுங்கள், ஆனால் முழு வேலையையும் கொடுக்காதீர்கள். மின்வாளால் அறுப்பதும், தூண் நிறுத்தித் தீராந்தி ஏற்றுவதும் அவருடைய வேலை. துளைக்கு அளவு குறிப்பது, போல்ட் பூட்டுவது, உப்புத்தாள் போடுவது, வர்ணம் பூசுவது வீட்டாரின் வேலை. அவர் வருகிற நாளில் பிள்ளைகள் கீறிய படத்தை அவர்கள் கையாலேயே அவரிடம் கொடுக்கட்டும். அளவில் பிழை இருந்தால் உங்களிடம் சொல்லாமல் அவர்களிடமே நேரே சொல்லும்படி முன்கூட்டியே அவரைக் கேட்டு வையுங்கள்.